அம்பாங்கில் சோக் இழுத்த காலம்

கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக்கூடக் குளிர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வெப்பமானி 23, 24 டிகிரியைக் காட்டும். மழை பெய்து ஓய்ந்த இரவென்றால் ஓரிரு டிகிரி குறையலாம். ஆனாலும் 1960களிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வீட்டு வாசல்களில் அந்த நேரத்தில் நடந்த முதல் வேலை சோக் இழுப்பதுதான். பெட்ரோல் குழாயைத் திறப்பார்கள், சோக்கை இழுப்பார்கள், இரண்டு உதை உதைப்பார்கள். வண்டி உறுமியதும் அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிப்பார்கள். அந்தக் காப்பி நேரத்தில்தான் பல எஞ்சின்கள் கெட்டன.

சோக் குளிர்நாட்டின் தேவைக்காகப் பிறந்த பாகம். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் முழுதாக எரியும். எஞ்சின் உறைந்து கிடக்கும்போது பெட்ரோலின் லேசான பகுதி மட்டும் ஆவியாகும். மிச்சமெல்லாம் குழாயின் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். தீப்பொறி வரும் இடத்தில் எரிய ஆவி போதாது. அதனால் காற்று வரும் வழியை ஒரு தகட்டால் அடைக்கிறார்கள். பிஸ்டன் இழுக்கும் இழுப்பு அப்போது பெட்ரோல் வரும் ஜெட் துளையின்மேல் திரும்புகிறது. பெட்ரோல் அதிகமாக வருகிறது, அதில் ஆவியாகும் பகுதியும் அதிகமாகிறது, வண்டி பற்றிக்கொள்கிறது. சோக் செய்யும் வேலை இவ்வளவுதான்.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோர் 1893 வாக்கில் பெட்ரோலைக் காற்றில் தெளித்துக் கலக்கும் வகைக் கார்புரேட்டரை உருவாக்கினார்கள். அவர்கள் வாழ்ந்த ஊர்களில் மூன்று நான்கு மாதம் பனி கொட்டும். பெட்ரோலை ஆவியாக்கப் படும் பாடு அங்கே அன்றாடப் பாடு. அந்தப் பாட்டுக்கான மருந்து கப்பலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியபோது, அதைத் தேவைப்படுத்திய நோய் கூட வரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்குச் சோக் முதலில் கார்களோடு வந்தது. துரைமார், பெரிய கிராணிமார், ஆசிரியர்கள் வைத்திருந்த மோரிஸ் மைனரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தது. அதில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது. முன்பலகையில் இருக்கும் குமிழை இழுத்தால் ஜெட் குழாயே கீழே இறங்கி, பெட்ரோல் வரும் இடைவெளி அகலமாகும். கார் ஓட்டுநர்களுக்குத்தான் இந்தக் குமிழின் குணம் தெரியும். எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது அவர்கள் கைக்குள் இருந்த தொழில். பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. அவர்களிடம் இருந்தது சைக்கிள்.

அதை மாற்றியது ஹோண்டா கப். ஜப்பானில் 1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப் சி100 வண்டியில் 49 சிசி, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஹோண்டாவின் வணிகப் பக்கத்தைக் கவனித்த தகேயோ புஜிசாவா, சோபா உணவுத் தட்டைத் தூக்கிச் செல்லும் கடைப்பையன் ஒரே கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்று கேட்டது பிரசித்தம். அதனால்தான் கிளட்ச் நெம்புகோல் இல்லாமல் காலாலேயே கியர் மாற்றும்படி செய்தார்கள். அதே ஆண்டு பினாங்கிலிருந்து ஜப்பான் போன லோ பூன் சியூ, மலாயாவில் ஹோண்டா வண்டிகளை விற்கும் உரிமையைப் பெற்று வந்தார். 1915இல் சீனத்தின் புஜியானில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக் தொழில் பழகி மேலே வந்தவர் அவர். ‘பூன் சியூ ஹோண்டா’ என்று மலாயா முழுக்க வண்டிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கப் என்ற பெயரைச் சீனர்கள் செல்லமாக அழைத்தது கப்சாய் ஆகி, மலாய்க்காரர் வாயிலும் தமிழர் வாயிலும் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

கப்சாய் வந்த காலமும் தோட்டத் துண்டாடல் காலமும் ஒன்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். லயத்து வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்களை வாங்க முனைந்தது இதைத் தடுக்கத்தான். அப்படியும் வெளியேறியவர்கள் ஏராளம். அவர்கள் வந்து தங்கிய இடங்களில் அம்பாங்கும் ஒன்று.

அம்பாங்குக்கு இப்படி ஆட்கள் வந்து சேர்வது புதிதல்ல. 1857இல் ராஜா அப்துல்லா கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஈயம் தேடி வந்த இடம் இதுதான். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே மலேரியாவில் மாண்டார்கள். ஆனாலும் 1859இல் அம்பாங் ஈயம் ஏற்றுமதியானது. ஆற்றோரத்தில் கோலாலம்பூர் வளர்ந்தது. ஈயத்துக்குப் பின் ரப்பர். ரப்பரோடு தமிழர்கள். 1970களில் ரப்பருக்குப் பின் தொழிற்சாலை. அம்பாங்–உலு கிள்ளான் சுதந்திர வாணிபப் பகுதியிலும், பெட்டாலிங் ஜெயா பக்கம் சுங்கை வேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தன. காலை ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேரப் பஸ்ஸை நம்ப முடியாது. தவணையில் ஒரு கப்சாய் எடுப்பதுதான் வழி. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்றே தனித் தடம், உலக வங்கியின் கடனுதவியோடு, 1970களின் தொடக்கத்தில் போடப்பட்டது. உலகிலேயே முதல் தனித் தடம் என்று அதைச் சொல்வார்கள். தலைக்கவசம் 1973இல் கட்டாயமானது. தந்தை சைக்கிளில் போன குடும்பத்தில் மகன் மோட்டாரில் போனான். அவனுக்குச் சோக்கைப் பற்றிச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

சொல்லித்தந்தவர் போமன். மலேசியத் தமிழர் வாயில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். கடைவரிசையின் ஓரத்திலும் ஒட்டுக் கொட்டகையிலும் இருந்த பட்டறைகளில் சீனப் போமனும் தமிழ்ப் போமனும் இருந்தார்கள். யாராக இருந்தாலும், வண்டி கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு வந்தால், முதலில் கழற்றிப் பார்ப்பது பிளக்கைத்தான். நன்றாக ஓடும் எஞ்சினின் பிளக் முனை மண்பழுப்பில் இருக்கும். கரிப்பொடி அப்பிக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். நனைந்து பளபளத்து, மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால் வெள்ளம் ஏறிவிட்டது. போமன் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, மறுபடி மாட்டுவார். “சோக்கைத் திறந்துட்டு ஆக்ஸிலேட்டர முழுசா முறுக்கி உதைங்கண்ணே” என்பார். காற்று தடையின்றி உள்ளே பாய்ந்து, தேங்கிய பெட்ரோலைப் புகைக்குழாய் வழியாக அடித்துக்கொண்டு போகும். நாலைந்து உதையில் வண்டி இருமிக்கொண்டே எழும்.

இந்தக் கைமருந்து எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளம் ஏன் ஏறியது என்பதைத்தான் பலர் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் வண்டி முரண்டு பிடித்ததற்கு அம்பாங்கில் குளிர் காரணமாக இருந்தது குறைவு. இரண்டு மூன்று நாள் நிறுத்திய வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஆவியாகிக் குறைந்திருக்கும். பெட்ரோல் குழாயைத் திறந்து அரை நிமிடம் பொறுத்தாலே போதும், கிண்ணம் நிறைந்துவிடும். பழைய 6 வோல்ட் கப்களில் பாயிண்ட் தேய்ந்து தீப்பொறி மெலிந்திருக்கும். மழையில் பிளக் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். ஈயச் சுரங்கம் மூடிய மணல்வெளிகளின் புழுதியில் காற்று வடிகட்டி அடைத்திருக்கும். இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சோக் மருந்தல்ல. காற்று வடிகட்டி அடைத்த வண்டியில் சோக் இழுப்பது, ஏற்கெனவே காற்றில்லாமல் தவிக்கும் எஞ்சினின் கழுத்தை இன்னும் நெரிப்பதுதான். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அந்த ஒரு நெம்புகோல்தான். வண்டி கிளம்பவில்லையா, சோக். இன்னும் கிளம்பவில்லையா, இன்னும் சோக். இப்படி ஒரு குளிர்காலப் பாகம் எல்லா நோய்க்கும் மருந்தாகிப் போனது.

கெடுதல் பிளக்கோடு நிற்கவில்லை. சோக் இழுத்தபடி ஐந்து பத்து நிமிடம் ஓடும் எஞ்சினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். கப்சாயில் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெய். அதில் பெட்ரோல் சேர்ந்தால் அதன் வழுவழுப்பு சீக்கிரமே போய்விடும். அளவுகோல் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தே அனுபவசாலிப் போமன் சொல்லிவிடுவார், இந்த வண்டி தினமும் சோக்கில் நிற்கிற வண்டி என்று. தவணை கட்டி முடியும் முன்பே சிலிண்டர் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட வேண்டி வந்தால், அது மாதச் சம்பளக்காரருக்குப் பெரிய அடி.

வண்டிக்கு வண்டி சோக்கின் அமைப்பும் வேறு. கப் போன்ற ஹோண்டாக்களில் காற்றுவாயை அடைக்கும் தகடு. இத்தகைய கார்புரேட்டர்கள் பலவற்றில் அந்தத் தகட்டிலேயே சுருள்வில் வைத்த சிறு வாயில் ஒன்று இருக்கும். வண்டி பற்றியதும் அது தானாகத் திறந்து கொஞ்சம் காற்றை விடும். யமஹா, சுசுகி இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் மிகுந்திருந்த மிக்குனி கார்புரேட்டர்களில் தகடு கிடையாது. நெம்புகோலை இழுத்தால், கூடுதல் பெட்ரோலுக்கென்று தனியாக இருக்கும் ஒரு சின்ன வழி திறக்கும். அந்த வழி வேலை செய்ய ஆக்ஸிலேட்டர் மூடியிருக்க வேண்டும்; முறுக்கினால் உள்ளிழுப்பு குறைந்து அந்த வழியில் பெட்ரோல் வராது. ஹோண்டாவில் பழகியவர் யமஹாவில் ஏறி, சோக்கையும் இழுத்து ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு உதைத்தால் வியர்வைதான் மிச்சம். “சோக் போட்டா முறுக்காதீங்க” என்று பட்டறைகளில் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு விவரம் இருந்தது. அதைச் சொன்னவர்கள் பலர் பள்ளியில் ஆறாண்டுக்குமேல் படித்தவர்கள் அல்லர்; ஆனால் காற்றும் பெட்ரோலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கைவழியாகவே கற்றிருந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

சோக் நிஜமாகத் தேவைப்பட்ட இடம் மலேசியாவில் இல்லாமலில்லை. கேமரன் மலையில் இரவில் 15 டிகிரியைத் தொடும். அங்கே காய்கறித் தோட்டங்களில் ஓடிய மோட்டார்களுக்குக் காலையில் ஒரு நிமிடம் சோக் வேண்டியிருந்தது. அம்பாங்கிலிருந்து மேலேறி உலு லங்காட் இறங்கும் மலைச்சாலையில் பனிமூட்டம் இருக்கும். ஆனால் ஓடிச் சூடான எஞ்சினுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. அங்கே சோக் இழுத்தவர்கள் பிளக்கைக் கரியாக்கினார்கள்.

1980களின் பிற்பகுதியில் ஹோண்டாவின் இஎக்ஸ்5 வந்தது. கப்சாய் என்றால் அதுதான் என்றானது. மோடனாஸ் நிறுவனம் கெடாவின் கூரூனில் தயாரித்த கிரிஸ் 110, 1996இல் வந்தது. இரண்டிலும் கார்புரேட்டரும் சோக்கும் இருந்தன. ஆனால் மின்னணுத் தீப்பொறி அமைப்பு வந்துவிட்டதால் முதல் உதையிலேயே வண்டி எழுந்தது. சோக்கைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. அவர்கள் வண்டிக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. பிறகு எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. ஹோண்டா 2007இல் ஜப்பானில் சூப்பர் கப்புக்கு அதைப் பொருத்தியது; 2010களில் மலேசியச் சாலைகளிலும் பரவியது. எஞ்சினின் வெப்பத்தை ஓர் உணரி அளந்து சொல்ல, கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. சூப்பர் கப் வரிசை 2017இல் மொத்தம் 10 கோடி வண்டிகளைத் தொட்டபோது, புதிதாக வந்தவை பலவற்றில் இழுக்கச் சோக்கே இல்லை.

சோக் ஓய்ந்துவிடவில்லை, சாலையிலிருந்து இறங்கியிருக்கிறது. அம்பாங்கின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் கடைகளுக்குப் பின்னால் முழங்கும் ஜெனரேட்டர்களில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தீபாவளிச் சந்தைகளுக்கு வெளிச்சம் தரும் இயந்திரங்களில், சாலையோரப் புல்லை வெட்டும் தோள் இயந்திரங்களில் அது இன்னமும் இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு 2டி எண்ணெயும் கலந்து போவதால், சோக்கை அதிகம் இழுத்தால் கரி இன்னும் சீக்கிரம் சேரும். காலை எட்டு மணி வெயிலிலும், மதியம் ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதுகூட, முழுச் சோக் இழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அத்தகைய இயந்திரம் வீட்டிலோ கடையிலோ இருப்பவர்கள் முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து அரை நிமிடம் பொறுங்கள். நாளின் முதல் தடவைக்கு மட்டும் சோக்கை மூடுங்கள். பற்றியதும் பாதி திறந்து, அரை நிமிடத்துக்குள் முழுதாகத் திறந்துவிடுங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம். நான்கு இழுப்பில் கிளம்பாவிட்டால் சோக்கை விட்டுவிட்டுப் பிளக்கையும் காற்று வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.