ஆயிரம் துளியில் மூன்று துளி மாதுளை

அமெரிக்காவில் கோகோ கோலா, மினிட் மெய்ட் என்ற பெயரில் ஒரு ஜூஸ் விற்றது. லேபிளில் மாதுளை, புளூபெர்ரி என்று பெரிய எழுத்து. ஐந்து பழச்சாறுகளின் கலவை என்பது கீழே சின்னதாக. உள்ளே மாதுளை 0.3 சதவீதம், புளூபெர்ரி 0.2. ஆப்பிளும் திராட்சையும் மட்டுமே 99.4!

மாதுளைச் சாறு விற்கும் பாம் வொண்டர்ஃபுல் 2008இல் வழக்குப் போட்டது. கையிலெடுத்தது 1946ஆம் ஆண்டு லான்ஹாம் சட்டம். அதில் ஒரு விசேஷம் உண்டு: ஏமாந்து வாங்கியவர் அதன்கீழ் வழக்குப் போட முடியாது, வியாபாரம் அடிபட்ட போட்டியாளர் போடலாம்.

'உணவுத்துறை விதிப்படிதானே பெயர் வைத்தோம்' என்பது கோகோ கோலாவின் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதைப் புரட்டிப் போட்டது: விதி இருந்தாலும் போட்டியாளர் வழக்காடலாம். சந்தையின் தில்லுமுல்லு அதிகாரியைவிடச் சக வியாபாரிக்குத்தானே சீக்கிரம் தெரியும்?

ஆனா கதை அங்கே முடியல. 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி கோகோ கோலா பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்பே, 2015இல், பாமும் மாட்டியிருந்தது: தன் சாறு இதய நோய்க்கு நல்லது என்றெல்லாம் சொன்ன விளம்பரங்கள் ஏமாற்றுபவை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

போட்டியாளர் நமக்காகச் சண்டை போடுவதில்லை. ஆனாலும் அந்த 0.3 ஊரறிய வந்தது அந்தச் சண்டையில்தான்.