தகரக் கூரையும் 1897-ம்

தகரம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. தகர டப்பா, தகரக் கொட்டகை என்றுதான் வாயில் வரும். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "தகரம் போட்ட வீடு" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்று நமக்கு மூன்று படிகள் உண்டு. தகரத்துக்கு அந்தப் படிக்கட்டிலேயே இடமில்லை. இலங்கை மலையகத்தில் நம் ஜனங்களைக் குடிவைத்த லயன் வீடுகளின் தலையிலும் இதுதான் இருந்தது. நமக்குத் தகரம் என்றால் அந்த ஞாபகங்கள்தான்.

வங்கி மாற்றலில் ஷில்லாங் வந்து எனக்கு மூன்று வருடம் ஆகிறது. வந்த புதிதில் குழப்பியது இங்குள்ள கூரைகள்தான். டாக்டர் வீடும் தகரம், கான்ட்ராக்டர் வீடும் தகரம், பழைய சர்க்கார் பங்களாக்களும் தகரம். சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்து, மலைச்சரிவு முழுக்க அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "என்னடா, ஊரே ஷெட்டு மாதிரி இருக்கே" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். (நான் பி.காம். இன்ஜினியர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

முதலில் ஒரு சின்னத் திருத்தம். தகரம் என்பது தமிழில் ஈயம் போல் வெள்ளையாக இருக்கும் வேறொரு உலோகத்தின் பெயர். கூரையில் போடும் தகரத்தில் அந்தத் தகரம் துளியும் கிடையாது. அது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இங்கேயும் எல்லோரும் 'டின்' என்றுதான் சொல்கிறார்கள். தப்பான பெயர் வைப்பதில் பாரதம் முழுக்க ஒற்றுமை :-)

இதன் கதை லண்டன் துறைமுகத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே இன்ஜினியராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர், தட்டையான இரும்புத் தகட்டை அலை அலையாக நெளித்தால் அது தானே விறைத்து நிற்கும் என்று கண்டு 1829-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு காகிதத்தை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்தால் தொய்ந்து விழும். அதையே விசிறி மாதிரி மடித்து வைத்தால் மேலே ஒரு பேனாவைத் தாங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரும்பு துருப்பிடிக்குமே? அதற்கு 1837-ல் பிரான்சில் சோரல் என்பவர் வழி கண்டார். உருக்கிய துத்தநாகத்தில் தகட்டை முக்கி எடுப்பது. மேலே கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிந்துபோய் இரும்பைக் காப்பாற்றும். ஒரே குடும்பத்தில் மூத்த அண்ணன் செய்வது மாதிரி.

இந்த இரண்டும் சேர்ந்ததும் வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் இதுவும் போயிற்று. கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தங்கம் தேடிப் போனவர்கள் 1850 வாக்கில் வீட்டையே தகடு தகடாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய பங்களாக்களில் தகரம் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே வழியில் வந்ததுதான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி உட்காரும் என்பதால் ஏற்றி இறக்குவது சுலபம். உடையாது. ஓடு ஏற்றிக்கொண்டு மலையேறினால் பாதிதான் மேலே வந்து சேரும்.

ஆனால் ஷில்லாங்கில் வெள்ளைக்காரர்கள் முதலில் கட்டியவை கல் கட்டடங்கள். 1874-ல் அஸ்ஸாம் தனி மாகாணமாகி ஷில்லாங் தலைநகரானது. கச்சேரி, சர்ச், அதிகாரிகள் வீடு எல்லாம் கனமான கல் சுவரில் எழும்பின. ஆட்சி நிலைத்து நிற்கும் என்று காட்டக் கல்தானே சரி!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. காசி இனத்து மக்களிடம் நாலு பக்கமும் கல் சுவர் வைத்து வீடு கட்டக்கூடாது என்று பழைய விலக்கு ஒன்று இருந்தது. 1907-ல் கர்டன் என்ற ஆங்கில அதிகாரி காசிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைக் குறித்திருக்கிறார். ஆணி அடிக்கக்கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. நிலநடுக்கத்தைப் பட்டறிந்து வைத்த விதியா, வேறு நம்பிக்கையா என்று என்னால் சொல்ல முடியாது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று எழுதிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படியோ, கல்லை நம்பாதவர்கள் கல்லை நம்பியவர்களுக்கு நடுவே வாழ்ந்தார்கள்.

1897 ஜூன் 12, சனிக்கிழமை. சாயங்காலம் சுமார் ஐந்தேகால் மணி. இன்றைய கணக்கில் ரிக்டர் 8-க்கு மேல் என்று சொல்லப்படும் பூகம்பம். ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் அத்தனையும் தரைமட்டம். மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. தரையில் கிடந்த பாறைகள் மேலே எகிறி விழுந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அதாவது பூமி ஆடிய வேகம் புவியீர்ப்பையே மிஞ்சியிருக்கிறது. மொத்தச் சாவு சுமார் 1500. அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கு இது குறைவுதான். மாலை நேரம், பலர் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம் ஊர் ஊராக விவரம் சேகரித்து 1899-ல் பெரிய அறிக்கை வெளியிட்டார். பூகம்ப ஆராய்ச்சியில் இன்றும் மதிக்கப்படும் அறிக்கை அது. (இதே ஓல்டாம்தான் பின்னால், 1906-ல், பூமிக்குள்ளே தனியாக ஒரு கரு இருக்கிறது என்று அதிர்வலைகளை வைத்தே காட்டியவர். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும்.) எது விழுந்தது, எது நின்றது என்ற கணக்கு இடிபாட்டிலேயே தெளிவாகத் தெரிந்தது. கல்லும் செங்கல்லும் விழுந்தன. மரச்சட்டமும் நாணலும் வைத்துக் கட்டியவை ஆடின, சாய்ந்தன, ஆனால் பெரும்பாலும் நின்றன.

திரும்பக் கட்டும்போது சர்க்கார் கல்லைக் கைவிட்டது. இன்று 'அஸ்ஸாம் வகை வீடு' என்று சொல்லப்படும் அமைப்பு பரவியது அப்போதுதான். கீழே தாழ்வான கல் அடித்தளம். அதன் மேல் மரத்தூண்கள். தூண்களுக்கு இடையே கட்டம் கட்டமாக மரச்சட்டம், அதற்குள் ஆற்றங்கரையில் வளரும் இக்ரா என்ற நாணல், இரண்டு பக்கமும் மண்பூச்சு, மேலே சுண்ணாம்பு. சுவர் சில அங்குலம்தான், முஷ்டியால் குத்தினால் பொத்தென்று சத்தம் வரும். உச்சியில் இலேசான மர முக்கோணங்கள், அதன் மேல் நெளி தகரம். சர்ச்சைக்கூட அப்படித்தான் கட்டினார்கள். கல்லில் இருந்து இடிந்த ஆல் செயின்ட்ஸ் ஆலயம் 1902-ல் மரத்தில் எழுந்தது. 1919-ல் ரவீந்திரநாத் தாகூர் வந்து தங்கிய ரில்போங் புருக்சைட் பங்களாவும் இந்த வகைதான்.

ஏன் தகரம் என்பதை வங்கிக்காரன் பாணியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 சதுர அடிக் கூரை என்று வையுங்கள். ஐந்து அங்குல ஆர்.சி.சி. தளம் என்றால் வெறும் கான்கிரீட் மட்டும் சுமார் 29 டன். அதே பரப்புக்குத் தகரம் அரை டன், மரச்சட்டம் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு, மூன்று டன்னுக்குள் முடிந்துவிடும். பூமி பக்கவாட்டில் இழுக்கும்போது கூரையின் எடைக்குத் தக்கபடிதான் சுவரையும் தூணையும் அது தள்ளும். புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஆடினால் தளத்துக்கு 6 டன் தள்ளு, தகரத்துக்கு அரை டன் தள்ளு. தலையில் குடம் வைத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் நிற்பதற்கும் வெறுந்தலையோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். விழுந்தாலும்கூட, மேலே விழுவது என்ன என்பது முக்கியமில்லையா?

மழையும் ஒரு காரணம். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் சிரபுஞ்சி. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை ஒரே வருடத்தில் 26,461 மி.மீ. கொட்டிய ஊர். (சென்னைக்கு வருடத்துக்கு 1400 சொச்சம்.) அந்த மழையில் புல்வேய்ந்த கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், தகரத்தை வண்ணமடித்துப் பார்த்துக்கொண்டால் பேரன் காலம் வரை ஓடும். அதனால் பணக்காரரிடமிருந்து ஏழைக்கும் இறங்கியது. இங்கே வசதியில்லாத குடும்பங்களுக்கு எம்.எல்.ஏ. திட்டத்தில் தகரம் கட்டுக்கட்டாகக் கொடுப்பது நீண்ட நாள் வழக்கம். நமக்கு மிக்ஸி, கிரைண்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் டெலிபோனில் பேச முடியாது. அதைவிடப் பெரிய குறை நெருப்பு, மரமும் நாணலும்தானே. மரத்தால் ஆன பழைய மேகாலயா சட்டமன்றக் கட்டடம் 2001 ஜனவரியில் எரிந்தே போயிற்று. பூகம்பத்துக்குப் பயந்தவர்கள் தீயிடம் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் கட்டிவந்த புதிய சட்டமன்றத்தின் இரும்புக் குவிமாடம் 2022 மே மாதம் ஒரு இரவில் சரிந்து விழுந்தது. எடை சுமார் 70 டன் என்று செய்திகள் சொல்லின. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. இலேசான கூரையால் பெயர் வாங்கிய ஊரில் இப்படி!

இதைப் படித்துவிட்டு நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ வீடு கட்டுபவர்கள் தகரத்துக்கு ஓட வேண்டாம். நம் கடற்கரையின் எதிரி பூகம்பம் அல்ல, காற்று. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தம் தரும். கூரை மேல் அது தூக்கும் விசையாகவும் வேலை செய்யும். ஐந்தாறு கிலோ தகரம் என்ன செய்யும்? 2018 நவம்பரில் கஜா புயலில் ஷீட்டுகள் பட்டம் மாதிரிப் பறந்ததை வேதாரண்யம் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். உப்புக் காற்று வேறு துத்தநாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். பூகம்பத்தில் காப்பாற்றும் அதே இலேசுதான் புயலில் கவிழ்க்கிறது. மொட்டைமாடியில் ஷீட் போடுவதாக இருந்தால், தகட்டின் விலையில் பேரம் பேசுங்கள், கீழே பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்திலும் திருகாணியிலும் பேரம் பேசாதீர்கள். விளிம்புகளில் ஆணி நெருக்கமாக இருக்க வேண்டும், முதலில் பிய்வது ஓரம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 அளவில் மேல் அஸ்ஸாம் ஆடியது. அதன்பின் வடகிழக்கில் அந்த அளவுக்கு எதுவும் வரவில்லை. மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஷில்லாங்கில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து சரிவில் நாலு மாடி, ஐந்து மாடி ஆர்.சி.சி. எழுகிறது. 2002-ல் வந்த பூகம்ப வரைபடத்தில் மேகாலயா மிக ஆபத்தான ஐந்தாம் மண்டலம். ஆர்.சி.சி. கெட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்குப்படி கம்பி போட்டு, முறையாகக் கட்டினால் நிற்கும். முறையாகக் கட்டினால்.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. வீட்டுக்கடன் படிவத்தில் 'கூரை வகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தளம் என்று எழுதினால் கட்டடத்துக்கு ஆயுள் அதிகம், கடன் தவணைக்காலமும் அதிகம். தகரம் என்று எழுதியதும் மதிப்பீட்டாளர் பேனா குறைக்க ஆரம்பித்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட உலோகத் தகட்டை நிரந்தரக் கூரைப் பொருளாகத்தான் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அலுவலகங்களில் நம் ஊர் மனசுதான் வேலை செய்கிறது. நூறு வருடம் நின்ற வீட்டுக்கு முப்பது வருட ஆயுள் என்று எழுதிய அறிக்கை என் மேஜைக்கே வந்திருக்கிறது.

அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இங்கே 'காங்' என்று கூப்பிட வேண்டும், நம் அக்கா மாதிரி. காசி குடும்பங்களில் வீடு கடைசிப் பெண்ணுக்கு, அப்படி இவருக்கு வந்தது. தூண்கள் உளுத்துப்போனதால் புதிதாகக் கட்டக் கடன் கேட்டார். மகன் பெங்களூரில், நாலு மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார். காங் ஒரே வரியில் முடித்தார்: "எங்கள் பாட்டி கல் வீடு விழுந்ததைப் பார்த்தவர்." மகன் என்னிடம், "சார், நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். நான் மேலே எழுதிய கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நாலு மாடிக்கு எத்தனை டன் வரும் என்று அவரே பெருக்கிப் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தார்.

இரண்டு மாடியில் சமாதானம் ஆயிற்று. கீழே கம்பி கட்டிய கான்கிரீட் சட்டம், மேல் மாடி இலேசான இரும்புச் சட்டம், அதன் மேல் அரை மில்லிமீட்டர் வண்ணத் தகடு. சத்தத்துக்கும் குளிருக்கும் உள்ளே பஞ்சு வைத்து மரக்கூரை. திருகாணி எல்லாம் நெளிவின் மேட்டில், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை, நடுவே ரப்பர் வாஷர். தவணைக்காலத்தை இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைத்து, மகளையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினேன். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள்.

பழைய வீட்டுத் தகரத்தை இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். காங் தரவில்லை. இப்போது வருகிற தகட்டைவிடக் கனம், துரு ஓரத்தில் மட்டும்தான். சிவப்பு ஆக்சைடு அடித்து, பின்பக்கம் விறகுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறார்.