முக்கால் டாலர் கணக்கு

கணக்கில் முக்கால் டாலர் உதைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர், "போனால் போகிறது" என்று பேரேட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். 1986ஆம் ஆண்டில் கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற மனிதர் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் இந்தக் கதையே பிறந்தது.

ஸ்டால் ஒரு வானசாஸ்திரி. நட்சத்திர ஆராய்ச்சிக்குக் கிடைத்த பணம் தீர்ந்து போகவே, அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் பகுதிக்கு மாற்றப்பட்டவர். அங்கே கம்ப்யூட்டர் ஓடும் நேரத்துக்கு வாடகை உண்டு. அந்தக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. தோண்டிப் பார்த்தார். யாரோ ஒருவன் ஒன்பது விநாடி கம்ப்யூட்டரை உபயோகித்துவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவியிருந்தான்!

அவன் உள்ளே வந்தது சாதாரண உபயோகஸ்தர் ஒருவரின் பெயரில். அதாவது, திண்ணை வரைக்கும்தான் அவனுக்கு உரிமை. பிறகு பெட்டகத்தின் சாவி அவன் கைக்கு எப்படிப் போயிற்று? அதுதான் வேடிக்கை. கொடுத்தது, எழுதவும் திருத்தவும் பயன்படும் ஒரு சாதுவான கருவி!

ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய அந்தக் கருவிக்கு 'ஈமாக்ஸ்' என்று பெயர். அதற்கு 'மூவ்மெயில்' என்று ஓர் எடுபிடி. பொதுத் தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து உரியவரிடம் சேர்ப்பது அதன் வேலை. சௌகரியத்தை உத்தேசித்து, அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு எஜமானனின் முழு அதிகாரத்தையும் கொடுத்திருந்தார்கள். ஆனால், "இதை வைக்கச் சொல்லும் இடம் உனக்குச் சொந்தந்தானா?" என்று கேட்க அதற்குத் தெரியாது.

வந்தவன் இதைக் கண்டுகொண்டான். கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் முழு அதிகாரத்தோடு இயக்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. அது இருந்த இடத்தில், மூவ்மெயிலின் கையாலேயே தன் போலி நிரலை வைத்தான். ஐந்து நிமிஷத்துக்குள் கம்ப்யூட்டரே அவனுக்கு முடி சூட்டிவிட்டது! உடனே பழைய நிரலை இருந்த இடத்தில் வைத்துத் தடயத்தையும் மறைத்தான்.

காக்கையின் கூட்டில் முட்டையிடும் குயிலின் தந்திரந்தான் இது. ஸ்டால் 1989இல் எழுதிய புத்தகத்துக்கும் குயில் முட்டை என்றே பெயர் வைத்தார்.

கதவை அடைக்காமல், ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் அந்தத் திருடனைக் கவனித்தார். அவன் ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவினான். இவர் பொய் ரகசியங்களை எழுதித் தூண்டிலில் கோத்தார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவனிடம் முடிந்தது. சோவியத் உளவு ஸ்தாபனத்துக்கு ரகசியம் விற்றதற்காக, 1990இல் அவனையும் இரு கூட்டாளிகளையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. சிறைவாசத்தை நிறுத்திவைத்தது.

மூவ்மெயில் துரோகம் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. தபால் பெட்டிக்கு ஒரு சாவி போதுமாயிருக்க, சாவிக்கொத்தையே கொடுத்தவர்கள் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? 2021 ஜனவரியில், கோப்புகளைத் திருத்த அதிகாரம் தரும் 'சூடோஎடிட்' வழியாகவும் இப்படி ஓர் ஓட்டை வெளிப்பட்டது. ஏறக்குறைய பத்து வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை அது!

எடுபிடிகள் மாறிவிட்டார்கள். சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுக்கும் நம் பழக்கந்தான் மாறவில்லை.