விதிகள் உண்டு, விசாரணை இல்லை: ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு

உள்நாட்டில் ராணுவத்தைப் பயன்படுத்துவது பற்றிய இந்திய விவாதம் பெரும்பாலும் 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் (சிறப்பு அதிகாரங்கள்) சட்டத்தின் 4ஆம் பிரிவையே சுற்றி வருகிறது. பதற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடக்கூடாது என்பது போன்ற தடையை மீறுவோரை, எச்சரித்த பின் உயிர்போகும் அளவுக்கும் சுடலாம் என்கிறது அப்பிரிவு. அதிகாரிகளுக்கு மட்டுமன்றி ஹவில்தாருக்கும் இவ்வதிகாரம் உண்டு. ஆயினும் சட்டத்தின் அடிப்படைக் கோளாறு 6ஆம் பிரிவில் இருக்கிறது. மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் படையினர்மீது வழக்குத் தொடர அது தடை விதிக்கிறது. சட்டம் செல்லும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் காட்டிய காரணங்களையே இத்தடை வலுவிழக்கச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாகா மக்கள் மனித உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில், 1997 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் நிபந்தனைகளுடன்: பதற்றப் பகுதி அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும், குறைந்தபட்ச பலமே பயன்படுத்தப்பட வேண்டும், ராணுவத் தலைமையகம் வகுத்த 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை' படையினரைக் கட்டுப்படுத்தும், முன் அனுமதி பற்றிய ஆணை காரணம் கூற வேண்டும், நீதிமன்ற ஆய்வுக்கும் உட்பட்டது. அதிகாரம் பெரிது, கட்டுப்பாடும் உண்டு, ஆகவே சட்டம் செல்லும் என்பதே தீர்ப்பின் தர்க்கம். கட்டுப்பாடு மீறப்பட்டதா என்று யாராவது விசாரித்தால்தான் இந்தத் தர்க்கம் நிற்கும்.

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் நடந்தது இதற்குச் சான்று. 2021 டிசம்பர் 4 அன்று ஓட்டிங் அருகே, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வாகனத்தில் வீடு திரும்பியவர்கள் ராணுவச் சிறப்புப் படையினரால் சுடப்பட்டனர். 6 பேர் இறந்தனர். மாநிலக் காவல்துறை 2022இல் 30 படையினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2023இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. மறுப்பை எதிர்த்து மாநில அரசே உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024 செப்டம்பரில் அந்நீதிமன்றம், அனுமதி இல்லாததால், வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னர் அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது. சுட்டது சரியா, தவறா என்ற கேள்வியை எந்த விசாரணை நீதிமன்றமும் தொடவில்லை.

பொய் வழக்குகளால் படையினர் அலைக்கழிக்கப்படக் கூடாது என்ற மறுவாதம் நியாயமானது. ராணுவ நீதிமன்றம் இருக்கிறதே என்பதும் சொல்லப்படுகிறது. ஜம்மு காஷ்மீரின் பத்ரிபால் கொலைகளில், சிபிஐ குற்றம்சாட்டிய அதிகாரிகளை யார் விசாரிப்பது என்பதை ராணுவம் தேர்ந்துகொள்ளலாம் என 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ராணுவம் வழக்கைத் தானே ஏற்று, 2014இல் போதிய சான்றில்லை என முடித்தது. ஒருவழியில் படையை அனுப்பிய அரசும், மறுவழியில் படையும் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் மூன்றாம் தரப்பு இல்லை.

நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005இல் பரிந்துரைத்தபடி சட்டத்தையே நீக்குவது ஒரு வழி. அதுவரையிலும் ஒரு திருத்தம் சாத்தியம். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அரசு ஊழியர் மீதான அனுமதிக் கோரிக்கையில் 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்கிறது. அக்கெடுவை 6ஆம் பிரிவிலும் சேர்க்கலாம். ஆனால் ஓட்டிங்கில் சிக்கல் தாமதமன்று, மறுப்பு. எனவே அந்தக் காலத்துக்குள், செயல் கடமைக்கு உட்பட்டது, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது என்பதை உயர் நீதிமன்றத்தின்முன் நிறுவும் பொறுப்பு அரசுக்குத் தரப்பட வேண்டும். நேர்மையாகக் கடமையாற்றிய வீரருக்கு அப்போதும் பாதுகாப்பு கிடைக்கும்; அதை வழங்குவது நீதிமன்றமாக இருக்கும்.