எல்ஸியின் பலூன்: ‘எம்’ படத்தின் வரலாறு

‘எம்’ என்ற ஜெர்மன் திரைப்படம் 1931 மே 11 அன்று பெர்லினில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய முதல் பேசும்படம் அது. திரைக்கதையை அவரும் அவர் மனைவி தெயா ஃபான் ஹார்போவும் எழுதினார்கள். குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போய்ப் பிணமாகக் கிடைக்கும் ஒரு நகரத்தின் கதை.

அந்த அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல. முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியைத் தொடர்கொலைகள் உலுக்கியிருந்தன. டுசல்டார்ஃபில் பலரைக் கொன்ற பீட்டர் கூர்ட்டன் 1930 மே மாதம் பிடிபட்டான். படம் வெளியானபோது மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தான். 1931 ஜூலை 2 அன்று தண்டனை நிறைவேறியது. படத்தின் கொலைகாரன் கூர்ட்டன்தான் என்று பலரும் எண்ணினார்கள். அவனை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை என்று லாங் மறுத்தார். படத்தில் வரும் இன்ஸ்பெக்டர் லோமனுக்கு பெர்லின் கொலைப் புலனாய்வுப் பிரிவின் தலைவர் எர்ன்ஸ்ட் கென்னட் முன்மாதிரி என்பார்கள்.

படத்தின் உயிர் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. பள்ளி விட்டு வரும் எல்ஸி பெக்மன் ஒரு விளம்பரத் தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். தூணில் கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதன்மேல் தொப்பி அணிந்த ஒருவனின் நிழல் விழுகிறது. பார்வையற்ற வியாபாரியிடம் அவன் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். வீட்டில் சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருக்கும் தாய் மகளின் பெயரைக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்குப் பதிலாக ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் பரண், தொடப்படாத தட்டு என்று காட்சிகள் மாறுகின்றன. பிறகு புல்வெளியில் பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. கொலை காட்டப்படவே இல்லை. காட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஒலி புதிதாக வந்திருந்த காலத்தில், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று லாங் அறிந்திருந்தார். பல இடங்களில் முழு மௌனம். கொலைகாரன் பெக்கர்ட் வரும்போது எட்வர்ட் க்ரீக்கின் மெட்டு ஒன்று சீட்டியாகக் கேட்கும். பெக்கர்ட்டாக நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீட்டியடிக்க வராததால் லாங்கே அடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்தச் சீட்டியை வைத்துத்தான் பலூன் வியாபாரி அவனை அடையாளம் காண்கிறார். அவனைப் பின்தொடரும் இளைஞன் ஒருவன் உள்ளங்கையில் சாக்பீஸால் ‘எம்’ என்று எழுதி அவன் கோட்டின் தோளில் பதிக்கிறான். கொலைகாரனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது.

போலீஸ் சோதனைகளால் பிழைப்புக் கெட்ட திருடர்கள், பிச்சைக்காரர்களை வைத்து அவனைப் பிடித்துத் தாங்களே விசாரிக்கிறார்கள். கூட்டம் அவன் சாவைக் கேட்கிறது. தன்னை உந்தும் வெறியை அடக்க முடியவில்லை என்று அவன் கதறுகிறான். வெறுக்கத்தக்கவனுக்கும் முறையான விசாரணை வேண்டும் என்ற வாதம் அங்கேயே ஒலிக்கிறது. எந்தத் தண்டனையும் பிள்ளைகளைத் திருப்பித் தராது என்று இறுதியில் எல்ஸியின் தாய் சொல்கிறாள்.

1933இல் லோரேவும் லாங்கும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். 1934இல் நாஜி அரசு படத்தைத் தடை செய்தது. யூதரான லோரே கதறும் அதே காட்சியை வெட்டியெடுத்து, யூதர்களை இழிவுபடுத்த 1940இல் எடுத்த பிரசாரப் படம் ஒன்றில் அந்த அரசு சேர்த்துக்கொண்டது.