அடங்காப்பற்றின் உறுப்பினர்: செல்லப்பா சுந்தரலிங்கம்

வன்னி நிலத்துக்கு அடங்காப்பற்று என்று ஒரு பழைய பெயர் உண்டு. யாழ்ப்பாணத்து மன்னருக்கும், அவருக்குப் பின் வந்த ஒல்லாந்தருக்கும் முழுமையாக அடங்காத நாடு என்பதால் இப்பெயர் வந்தது என்பர். 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியனை இன்றும் அந்த மண் மறக்கவில்லை. வவுனியா நகரில் சிலை, கற்சிலைமடுவில் நினைவுக் கல் என்று அவன் பெயர் நிலைத்திருக்கிறது.

அதே மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட இன்னொருவர் இருந்தார். ‘அடங்காத்தமிழன்’ என்ற அடைமொழியுடன் அறியப்பட்ட செல்லப்பா சுந்தரலிங்கம். 1947 முதல் 1960 வரை நாடாளுமன்றத்தில் வவுனியாவின் குரல் அவருடையது. சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இடம்பெற்றவர் அவர். தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று நாடாளுமன்றக் காலத்திலேயே வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய முன்னோடிகளிலும் அவரே முதன்மையானவர். ஆயினும் இன்றைய இளைஞர் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் அவருடைய வாழ்வில் தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தை மட்டுமே எடுத்துச் சொல்வார்கள். இக்கட்டுரை எல்லாப் பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு சிறு முயற்சி.

கணிதப் பேராசிரியர்

சுந்தரலிங்கம் வன்னியில் பிறந்தவரல்லர். யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்த குடும்பத்தில் 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆம் திகதி பிறந்தார். சகோதரர் ஐவரும் கல்வியால் உயர்ந்தவர்கள். அவர்களுள் நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசரானார். தியாகலிங்கம் புகழ்பெற்ற வழக்கறிஞரானார். சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறினார். சிவில் சேவையில் சேரும் தகுதியும் பெற்றார். அக்காலத்தில் ஒரு தமிழ் இளைஞனுக்கு அதைவிட உயர்ந்த உத்தியோகம் இருக்கவில்லை. அதை அவர் விரைவிலேயே உதறினார்.

அடுத்து அவர் சென்ற இடம் பலருக்கு வியப்பளிக்கும். கொழும்பு ஆனந்தாக் கல்லூரி, பௌத்த சிங்களக் கல்வி மறுமலர்ச்சியின் கோட்டை. அங்கே அவர் உப அதிபர். பின்னர் 1921இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். சிங்களத் தலைவர்களுடன், குறிப்பாக டி.எஸ். சேனாநாயக்கவுடன், அவருக்கு நெருங்கிய உறவு ஏற்பட்டது இந்தக் கொழும்பு வாழ்க்கையில்தான்.

அந்த உறவின் விளைவாக அமைந்தது 1936ஆம் ஆண்டின் தனிச் சிங்கள அமைச்சரவை. டொனமூர் யாப்பின்படி அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும். அத்தலைவரே அமைச்சர். ஒரு குழுவில் ஏறத்தாழ எட்டுப் பேர் என்றால், ஐந்து பேர் ஒரே பக்கம் நின்றாலே போதும். சிங்கள உறுப்பினர்களை ஏழு குழுக்களிலும் பெரும்பான்மையாக இருக்கும்படி பகிர்ந்துவிட்டால், தமிழரோ முஸ்லிமோ அமைச்சராக வழியே இல்லை. 1936இல் அப்படியே நடந்தது. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கமே என்பது இலங்கை அரசியல் வரலாற்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஒருமித்த அமைச்சரவை இருந்தால் பிரித்தானியரிடம் கூடுதல் அதிகாரம் கேட்கலாம் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். ஆனால், பெரும்பான்மைக் கையுயர்த்தல் எதையும் செய்யவல்லது என்ற பாடத்தை அந்த அமைச்சரவை இருதரப்புக்கும் கற்பித்துவிட்டது. அப்பாடத்தின் முழுப் பொருளைச் சுந்தரலிங்கம் உணர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

வவுனியாவும் அமைச்சுப் பதவியும்

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் வவுனியாத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்றார். குளங்களும் காடுகளும் நிறைந்த, பரப்பில் பெரிய, வாக்காளர் தொகையில் சிறிய தொகுதி அது. முல்லைத்தீவும் அன்று அதற்குள்தான் அடங்கியிருந்தது. முல்லைத்தீவு தனித் தொகுதியானது 1977இல்தான். கொழும்பில் வாழ்ந்த, உரும்பிராயில் பிறந்த ஒரு பேராசிரியரைக் குளத்துத் தண்ணீரையும் மழையையும் நம்பி வாழ்ந்த வயற்காரர்கள் தெரிவு செய்தார்கள். படித்தவர் போனால் தமக்கும் ஏதேனும் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

தெரிவு செய்யப்பட்ட 95 பேரில் ஐக்கிய தேசியக் கட்சியினர் 42 பேர். அரசமைக்கச் சேனாநாயக்கவுக்குச் சுயேச்சைகளின் ஆதரவு தேவைப்பட்டது. சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சரானார். மன்னார் உறுப்பினர் சி. சிற்றம்பலம் அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சரானார். ஆக, சுதந்திரத்தின்போது வன்னிப் பெருநிலப்பரப்பும் அதை அடுத்த மன்னாரும் அமைச்சரவையில் இரண்டு கதிரைகளைப் பெற்றிருந்தன. யாழ்ப்பாணத்தின் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அப்போது எதிரணியில் இருந்தார். அவர் அமைச்சரானது 1948 செப்டெம்பரில்.

1948 டிசெம்பர்

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது சுந்தரலிங்கம் அமைச்சரவையில்தான் இருந்தார். இதை மறைக்கக் கூடாது. மலையகத் தோட்டங்களை உருவாக்கிய ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை நாடற்றவர்களாக்கும் வழியின் முதற்படி அச்சட்டம்.

இரண்டாவது படி, இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமூலம். அது 1948 டிசெம்பர் 10ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. அமைச்சர் சுந்தரலிங்கம் வாக்களிக்காமல் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதிலாகச் சுந்தரலிங்கம் பதவி விலகினார். அதே வாக்கெடுப்பில் பொன்னம்பலம் அரசுடன் நின்றார். அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் மறு ஆண்டு டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

செல்வநாயகத்துக்கு அமைச்சுப் பதவி இருக்கவில்லை. ஆகவே மலையக மக்களின் உரிமைப் பிரச்சினையில் அமைச்சுக் கதிரையை இழந்த தமிழர் என்றால் அவர் சுந்தரலிங்கமே. தாமதமாகத்தான் எழுந்தார். ஆனால் எழுந்தார். அக்கதிரையில் தொடர்ந்து இருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் பெறுமதி புரியும்.

இந்த இடத்தில் சாதாரண அரசியல்வாதி ஒருவர் கட்சியொன்றைக் கட்டியெழுப்பியிருப்பார், அல்லது புதிதாக உருவான தமிழரசுக் கட்சியில் சேர்ந்திருப்பார். சுந்தரலிங்கம் இரண்டையும் செய்யவில்லை. தனி ஆளாகவே நின்றார்.

தனி வழி

1952இல் மீண்டும் வவுனியாவில் வென்றார். ‘சிங்களம் மட்டும்’ என்ற முழக்கம் தெற்கில் ஓங்கிய 1955இல் எதிர்ப்புத் தெரிவித்து ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மக்களிடம் திரும்பிச் சென்று வெற்றி பெற்றார். 1956 பொதுத் தேர்தலில் வடமாகாணத்தின் 9 தொகுதிகளில் 6 தமிழரசுக் கட்சிக்குச் சென்றன. அந்த அலை அடித்துச் செல்லாத மூன்று தொகுதிகளில் ஒன்று வவுனியா. யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலமும், பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவும் மற்ற இருவர்.

அரசகரும மொழிச் சட்டம் வந்தபின் அவர் பேச்சு முற்றாக மாறியது. சமஷ்டி போதும் என்று தமிழரசுக் கட்சி சொன்னது. சமஷ்டியைத் தர மறுப்பவன் தரமாட்டான், பிரிவதே வழி என்று சுந்தரலிங்கம் வாதிட்டார். பிரதமர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிக்கைகள் விட்டார். 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்ற அமைப்பைத் தொடங்கினார். 1967இல் தன் கடிதங்களையும் ஆவணங்களையும் திரட்டி ஈழம் என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் அதே கோரிக்கை தமிழர் விடுதலைக் கூட்டணியின் தீர்மானமானது.

ஆனால் வட்டுக்கோட்டைக்கு வெகுகாலம் முன்பே வவுனியா அவரைக் கைவிட்டுவிட்டது. 1960 மார்ச் தேர்தலில் தா. சிவசிதம்பரம் அவரைத் தோற்கடித்தார். அவர் அதன்பின் நாடாளுமன்றத்தை மிதிக்கவேயில்லை. இத்தோல்வியில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஈழத்தைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் பிரதமர்களின் மேசைகளுக்குப் போயின. நெடுங்கேணியிலும் செட்டிகுளத்திலும் கிராமந்தோறும் தொண்டர்களையோ கிளைகளையோ அவை உருவாக்கவில்லை. கணக்கின் விடை சரியாக இருந்தாலும், அதை மற்றவர்களுக்குப் படிப்படியாகச் செய்து காட்டாத ஆசிரியரின் நிலை அது.

மாவிட்டபுரத்து வாசல்

இனி, அவரைப் போற்றுவோர் பேச விரும்பாத பக்கம்.

1968இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமை கேட்டு வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே வராதபடி தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கம். அப்போது அவருக்கு வயது 72. கோயில் வழக்கத்தைக் காப்பது சைவனின் உரிமை என்பது அவர் வாதம்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியாகக் காணப்பட்டார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை மேன்முறையீடு செய்தும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன், மலையகத் தமிழனின் பிரஜாவுரிமைக்காக அமைச்சுப் பதவியைத் துறந்தவர் இவர். அந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். நாடாளுமன்றத்தில் அவர்களின் உரிமையை ஏற்றவருக்கு, தன் ஊருக்கு அருகில் உள்ள கோயில் வாசலில் அதே நிலையில் இருந்த மக்களின் உரிமை தெரியாமற்போனது எப்படி? எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். கொழும்புக்கு அடங்காமை ஒரு குணம். நம் வீட்டுப் பழக்கத்துக்கு அடங்காமை வேறு குணம். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். சுந்தரலிங்கத்தின் வாழ்க்கை அந்த நம்பிக்கை தவறு என்று காட்டுகிறது. இது அவர் ஒருவரின் குறையுமன்று. அன்று அவர் பின்னால் அந்த வாசலில் நின்றவர்கள் பலர். வீட்டில் இருந்தபடியே அவரை ஆதரித்தவர்கள் அதைவிடப் பலர்.

இறுதிக் காலம்

1970இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். புதிய குடியரசு யாப்பை உருவாக்கும் முயற்சியை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1972இல் அவ்வழக்கும் தோல்வியில் முடிந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்தையும், தனிநாடு கோருவதையே குற்றமாக்கிய ஆறாவது திருத்தத்தையும் கண்ட பின், 1985 பெப்ரவரி 11ஆம் திகதி தமது 89ஆவது வயதில் காலமானார். அப்போது அவர் முன்மொழிந்த கோரிக்கை இளைஞர்களின் துப்பாக்கிகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் பதவி துறந்தது யாருக்காகவோ, அந்த மக்கள் பின்னாளில் அவருடைய பழைய தொகுதிக்கே வந்து சேர்ந்தார்கள் என்பது வரலாற்றின் விந்தை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. 1977 கலவரத்தின்பின் அடிபட்டு வந்த மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். எஞ்சிய நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். சுந்தரலிங்கம் சபையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து 55 ஆண்டுகள். 2009இல் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்ட மக்களில் இந்தக் குடியேறிகளும் இருந்தார்கள்.

வன்னியில் இன்றும் அவர்களின் பிள்ளைகள் காணி உறுதிக்கும் குளத்துத் தண்ணீருக்கும் காத்திருக்கிறார்கள். அயலவரின் பார்வையில் சம மதிப்புக்கும் காத்திருக்கிறார்கள். சுந்தரலிங்கத்தை நினைவுகூர விரும்புகிறவர்கள் 1948இன் சுந்தரலிங்கத்தையும் 1968இன் சுந்தரலிங்கத்தையும் ஒன்றாகவே நினைவுகூர வேண்டும். முதலாமவர் வழியில் பாதியேனும் நடந்து, இரண்டாமவர் நின்ற வாசலிலிருந்து நாம் விலகிவிட்டோமா என்பதை வாசகர்கள் தத்தம் ஊரை நினைத்துப் பார்த்துத் தாமே சொல்லட்டும்.