றங்குப் பெட்டியும் மறுகரை மருத்துவமனையும்

திருகோணமலையின் வரலாறு என்றதும் கோணேசர் கோயிலும், போர்த்துக்கேயர் அதனை இடித்துக் கட்டிய கோட்டையும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளுமே எம்மவர் நினைவுக்கு வருகின்றன. துறைமுகத்துக்காக வல்லரசுகள் பொருத கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே துறைமுகத்து நீரைக் கடந்து பிள்ளை பெறச் சென்ற பெண்களின் கதையை எழுதுவார் அரியர். அப்பெண்கள் கையிற் கொண்டு சென்ற பெட்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

மூதூரிற் பிறந்து வளர்ந்த என் அம்மம்மாவின் கட்டிலின் கீழ் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. வீட்டில் ஒரு பெண் கருவுற்றால், ஏழாம் மாதம் பிறந்ததும் அப்பெட்டியை அடுக்கிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. துவைத்து வெயிலிற் காயவைத்த பழஞ்சீலைத் துண்டுகள், சவர்க்காரம், பேணி, கரண்டி, சுடுநீர்ப் போத்தல், காயச்சரக்கு, சீலைத் தலைப்பில் முடிந்த சில்லறைக் காசு ஆகியன அதனுள் இருக்கும். பத்தாம் மாதத்துக்குரிய பெட்டியை ஏழாம் மாதத்தில் அடுக்குவானேன் என்று ஒருமுறை கேட்டேன். "பிள்ளை நேரம் பார்த்து வராது மகள், லோஞ்சு நேரம் பார்த்துத்தான் போகும்" என்றார்.

அவருடைய தாயாரிடம் இத்தகைய பெட்டி இருந்ததில்லை. பிள்ளைப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது. மருத்துவிச்சி வீடு தேடி வந்தாள். துணியும் வெந்நீரும் அடுக்களையிலேயே இருந்தன. ஆகவே பெட்டி என்ற பொருள் தோன்றியமையே பேறு வீட்டை விட்டு வெளியேறியமைக்குச் சான்றாகின்றது. அந்த வெளியேற்றம் ஈழத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே காலத்தில் நிகழவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மகப்பேற்று மருத்துவ நூலொன்றை 1857இல் தமிழில் வெளியிட்டார். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் மருத்துவமனை 1898இல் எழுந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களுக்குச் செல்லலாயினர். மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இத்தொகை 1946இல் 141 ஆகவும் 1947இல் 101 ஆகவும் குறைந்தது. இவ்வீழ்ச்சிக்கு டி.டி.ரி.யே காரணமா, மருத்துவமனைகளும் மருத்துவமாதரும் காரணமா என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். மருத்துவமாதரின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது என்பதே என் கருத்து.

திருகோணமலையின் நிலைமை விசித்திரமானது. மாலுமிகளின் நலம் பேணப் பிரித்தானியக் கடற்படை இங்கே மருத்துவமனை வைத்திருந்தது. 1957இல் அது தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை உலகின் பெருங்கப்பல்கள் இத்துறையில் நங்கூரமிட்டன. ஆயினும் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூர்ப் பெண் நகருக்கு வர ஒரு லோஞ்சையே நம்பியிருந்தாள். கிண்ணியாவில் பாதை என்று நாம் அழைக்கும் மிதவையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கியது. கடலைத் தவிர்த்துக் கந்தளாய் வழியாகத் தரைவழியே வருவதாயின் பெருஞ்சுற்று. வாடைக்காற்று எழும் மார்கழி, தை மாதங்களில் குடா கொந்தளிக்கும். போர்க்காலத்தில் இரவுப் பயணம் என்பதே இல்லாதொழிந்தது. இந்நிலையில் ஏழாம் மாதத்திற் பெட்டி அடுக்குதல் மூடநம்பிக்கையன்று. அது புவியியல் அறிவு.

குறைமாதப் பிள்ளையைப் பற்றி அம்மம்மா சொல்வது வேறு. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பார். இது எம்மவர் மட்டும் கொண்ட எண்ணம் என நான் கருதியிருந்தேன். கிரேக்க நாட்டில் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள்ளும் எட்டுமாதக் குழந்தை பற்றிய ஒன்று உண்டு என அறிந்து வியந்தேன். உண்மையில் கருவில் தங்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு வலுச்சேர்க்கின்றது. 37 கிழமை நிறையுமுன் பிறப்பதே குறைமாதப் பிறப்பு.

1880ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியை அமைத்தார். எனினும் பெரிய மாற்றம் 1972இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. குறைமாத வலி கண்ட தாய்க்கு ஸ்டெரொயிட் ஊசி ஏற்றினால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிர்கின்றது என லிகின்சும் ஹோவியும் காட்டினர். அம்மருந்து முழுப்பயன் தர ஏறத்தாழ 24 மணிநேரம் வேண்டும். இங்கேதான் எமது பெட்டியின் பொருள் மாறுகின்றது. முன்னர் அது தாயின் வசதிக்காக அடுக்கப்பட்டது. இப்போது அது மணித்தியாலங்களை மிச்சப்படுத்துவதற்காக அடுக்கப்படுகின்றது. வலி கண்டபின் துணி தேடியும், விடியுமட்டும் படகுக்குக் காத்திருந்தும் கழிந்த நேரம், அந்த 24 மணிநேரத்திலிருந்து கழிந்த நேரமாகும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. மூதூரிலிருந்து இன்று இரவிலும் வண்டியில் நகரை அடையலாம். என் அக்காவுக்கு முப்பதாம் கிழமையில் இரத்த அழுத்தம் ஏறியபோது, மருத்துவமாதே வீட்டுக்கு வந்து பையை அடுக்கச் சொன்னார். முதலில் வைக்கப்பட்டது கர்ப்பகாலப் பதிவட்டை. இரத்த வகையும் அழுத்தமும் அதில் இருப்பதால் நள்ளிரவில் எவரும் வினவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்து மிகச்சிறிய தொப்பிகளும் காலுறைகளும். குறைமாதப் பிள்ளை தன் உடற்சூட்டைத் தானே காக்கமாட்டாது. அதன்பின் முன்புறம் திறக்கும் தளர்ந்த சட்டைகள். வெப்பப் பெட்டிகள் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையை 1978இல் மருத்துவர் எட்கார் ரே தொடங்கினார். அச்சட்டைகள் அதற்கானவை.

அம்மம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்துவிட்டுக் காயச்சரக்கையும் வைத்தார். மருத்துவமாது, மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் உடனே விடையிருக்கவில்லை. முன்னதாகப் பிறக்கும் பிள்ளை வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க நேரிடும். மூத்த குழந்தையை யார் பார்ப்பது? அன்று மாலை பெரியம்மாவுக்குத் தொலைபேசியெடுத்து, அவர் வர ஒப்புக்கொண்ட பின்னரே அக்கா பையைப் பூட்டினாள்.